முதல் முறையாகக் கிடேரிக் கன்றைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறேன். நான்கு மாதம் இருக்கிறது. எதில் அதிகக் கவனம் வைக்க வேண்டும்?

நடையில். குளிப்பாட்டுவதும் உரோமம் சீவுவதும் கடைசி இரண்டு நாள் வேலை. கயிற்றுக்குப் பழகாத கன்று களத்தில் துள்ளினால் அதன் முதுகு நேராக இருக்கிறதா, கால் சரியாக விழுகிறதா என்று எந்த நடுவராலும் பார்க்க முடியாது.

ஆகவே இப்போதே தலைக்கயிறு போடுங்கள். முதல் சில நாட்கள் கட்டிவைத்துத் தேய்த்துவிட்டால் போதும். பிறகு கன்றின் இடப்பக்கம் நின்று, கயிற்றை முகவாய்க்கு அருகே பிடித்து, தினமும் கொஞ்ச நேரம் நடத்துங்கள். முரண்டு பிடித்தால் இழுபறி வேண்டாம். கயிற்றை விறைப்பாகப் பிடித்தபடி காத்திருங்கள். அது ஓரடி எடுத்து வைத்த உடனே தளர்த்துங்கள். அந்தத் தளர்வுதான் அதற்குக் கிடைக்கும் வெகுமதி. நின்றுகொண்டிருக்கும்போது தளர்த்தினால், நின்றால் விட்டுவிடுவார்கள் என்றுதான் கற்றுக்கொள்ளும். நடை படிந்த பிறகு நிற்கப் பழக்குங்கள்: முன்னங்கால்கள் சமமாக, பின்னங்கால்கள் சற்று முன்பின்னாக, தலை நிமிர்ந்து. அறிமுகமில்லாத ஒருவரை அழைத்து அதன் முதுகிலும் விலாவிலும் கைவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டுக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது; அங்கிருந்து திடீரென ஒரு கை பட்டால் உதைக்கத்தான் செய்யும்.

பளபளப்புக்காகத் தானியம், புண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தை அள்ளிப் போடாதீர்கள். திடீரென்று கூட்டினால் இரைப்பையில் அமிலம் மிகுந்து அசைபோடுவதே நின்றுவிடும். எந்த மாற்றத்தையும் ஒரு வாரம், பத்து நாளில் சிறிது சிறிதாகச் செய்யுங்கள். கறவை இனக் கிடேரி என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை: வளரும் வயதில் கொழுக்கவைத்தால் மடியில் கொழுப்பு படிந்து, பிற்காலத்தில் பால் குறையும். ஒரு நாள் பரிசுக்காக அதன் ஆயுள் கறவையைக் கெடுக்கக் கூடாது.

குளம்பு சீவுவதை இரண்டு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். முந்தின நாள் சீவினால் நொண்டியபடி களத்துக்கு வரும்.

பலர் கோட்டைவிடுவது தண்ணீரில். புது இடத்தில் வாசனையும் சுவையும் மாறினால் மாடு குடிக்காது. குடிக்காவிட்டால் தின்னாது, வயிறு ஒட்டிப்போகும். வீட்டிலேயே ஒரு வாளியில் குடிக்கப் பழக்கி, அதே வாளியைக் கொண்டுபோங்கள். வயிறு நிறைந்து தெரியட்டும் என்று குழாய் வைத்து வலிந்து தண்ணீர் புகட்டுபவர்களும் இருக்கிறார்கள். அது கொடுமை. தண்ணீர் நுரையீரலுக்குப் போனால் கன்றையே இழக்க நேரிடும். பக்கத்தில் யார் செய்தாலும் நீங்கள் செய்யாதீர்கள்.

தடுப்பூசிகளைப் பல வாரம் முன்பே போட்டுவிடுங்கள். போட்ட மறுநாளே எதிர்ப்பாற்றல் வந்துவிடாது. பல ஊர் மாடுகள் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும் இடம் கண்காட்சி. கோமாரி பிடித்த மாடு, வாயில் கொப்புளம் தெரியும் முன்பே நோயைப் பரப்பத் தொடங்கிவிடும். அறிகுறி வெளிப்பட இரண்டு வாரம்வரை ஆகலாம். அதனால் திரும்பி வந்ததும் கன்றை நேராகப் பழைய கொட்டகையில் கட்டாதீர்கள். மூன்று வாரம் தனியாக வையுங்கள். வாளியும் பிரஷும் அதற்கென்று தனியாக இருக்கட்டும். மற்ற மாடுகளுக்குத் தீவனம் வைத்து முடித்த பிறகு, கடைசியாக அதனிடம் போங்கள்.