கண்ணாடி ஜாடியில் தேயிலை: வாசகர் கேள்வி-பதில்

காபி பில்டரில் இலைத் தேயிலையைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் வெறும் மஞ்சள் தண்ணீர் இறங்குகிறது. டஸ்ட் டீ போட்டால் இறங்கவே இல்லை. தேயிலை மட்டமா?
*வாசகி, கும்பகோணம்*

தேயிலை மேல் பழி இல்லை. காபித்தூளில் நீர் இறங்கும்போதே சாறும் இறங்கிவிடும். இலைக்கு அது போதாது. நீரில் மிதந்து சுருள் பிரிய மூன்று, நான்கு நிமிடமாவது வேண்டும். பில்டரில் அதற்குள் தண்ணீர் ஓடிவிடுகிறது. டஸ்டோ ஊறிச் சேறாகி ஓட்டையை அடைத்துவிடும். மேலே தேங்கும் தண்ணீர் கசந்து போகும். மூடி உள்ள எவர்சில்வர் பாத்திரமும் அகலமான வடிகட்டியும் போதும். 200 மில்லி கொதிக்கும் தண்ணீருக்கு இரண்டரை கிராம் இலை, நான்கு நிமிடம்.

ஓட்டை போட்ட பந்து வடிகட்டியை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். உள்ளே இலை விரிய இடமில்லை. எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, பட்டை கிராம்பைப் போட்டுக் குருமாவில் இறக்க.

விலை உயர்ந்த கிரீன் டீ. ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தும் கசப்புதான்.
*வாசகர், திருவையாறு*

கொதிக்க வைத்ததால்தான். மூன்று டம்ளர் கொதிக்கும் தண்ணீரில் ஒரு டம்ளர் சாதாத் தண்ணீரைக் கலந்தால் ஏறக்குறைய 80 டிகிரி வரும். இலையைப் போட்டு இரண்டு நிமிடத்தில் வடித்துவிடுங்கள்.

ஊட்டி சுற்றுலாவில் பஸ்ஸை ஒரு கடையில் நிறுத்தினார்கள். குடிக்கக் கொடுத்த டீ அருமை. கண்ணாடி ஜாடியில் இருந்த இலையைக் காட்டி, உள்ளேயிருந்து ஒட்டிய பொட்டலம் கொடுத்தார்கள். ஒரு கிலோ. வீட்டில் போட்டால் வைக்கோல் வாசனை. பொட்டலத்தில் தேதியே இல்லை. பில் இருக்கிறது.
*வாசகி, மன்னார்குடி*

பில் வைத்திருக்கிறீர்களே, அதுவே பெரிய காரியம். பொட்டலத்தைப் போட்டோ எடுத்து, மிச்சத் தேயிலையோடு பத்திரப்படுத்துங்கள். முன்பே கட்டிய பொட்டலத்தில் கட்டியவர் பெயர், முகவரி, நிகர எடை, கட்டிய மாதம், அதிகபட்ச விலை, 14 இலக்க உணவு உரிம எண் இவ்வளவும் இருந்தாக வேண்டும். முதலில் கடைக்கு எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். மசியவில்லையா, 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவாரூரிலேயே, வழக்குப் போடலாம், மலையேற வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இனி அந்த ஜாடி. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். தேயிலைக்கு ஆகாதவை நான்கு: வெளிச்சம், காற்று, ஈரம், அயல்வாசனை. கடை வாசலில் வெயில் படும்படி, நாளுக்கு நாற்பது முறை திறந்து மூடும் கண்ணாடி ஜாடியில் இந்த நான்கும் உண்டு. பக்கத்திலேயே யூகலிப்டஸ் தைலமும் மசாலாவும் விற்பார்கள். பாக்டரியில் நன்றாக உலர்த்தி மொறுமொறுவென்று வரும் இலை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே போகும். வாசனைதான் முதலில் போகும். இலையை விரலால் நசுக்கிப் பாருங்கள்: முறிந்தால் சரி, வளைந்தால் நகர்ந்துவிடுங்கள். 'ராயல்', 'ஸ்பெஷல்' என்ற எழுத்துக்கு மதிப்பே இல்லை. தோட்டம், தரம், மாதம் மூன்றையும் கேளுங்கள். ருசி பார்க்கக் கொடுப்பதில் பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் இருந்தால் நீங்கள் ருசித்தது ஏலக்காயை. வெறும் தண்ணீரில் போட்டுத் தரச் சொல்லுங்கள்; மறுத்தால் இறங்கி வாருங்கள். எதுவானாலும் முதல் தடவை நூறு கிராமுக்கு மேல் வேண்டாம். ஐப்பசி அடைமழையில் நம் பக்கத்து அடுக்களையில் ஒரு கிலோ இலை தாங்காது.

பால் ஊற்றாத டீயின் மேல் எண்ணெய் மாதிரி ஏடு படிகிறது. கலப்படமா?
*வாசகர், நாகப்பட்டினம்*

போர் தண்ணீரா? அப்படியானால் அது தண்ணீரின் வேலை. நீரிலுள்ள சுண்ணாம்பும் டீயின் துவர்ப்புச் சத்தும் காற்றுப் பட்டுச் சேர்ந்து படலமாகும். அதே இலையைக் கேன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, தெளிந்ததும் மேலாக வடித்து எடுத்தால் ஏடு குறையும். உப்புத் தண்ணீர் என்றால் கொதிக்க வைத்தும் பயனில்லை, கொள்ளிடம் குழாய்த் தண்ணீருக்குக் காத்திருங்கள்.

சாயக் கலப்படச் சந்தேகத்துக்கு வேறு சோதனை: வடிதாளில் இலையைப் பரப்பிக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, இலையைத் தட்டிவிட்டுத் தாளை அலசுங்கள். பளிச்சென்ற கறை இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள்.

இரண்டு தேயிலைகளில் எது நல்லது என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?
*வாசகி, பாபநாசம்*

ஒரே மாதிரி இரண்டு பீங்கான் கப். ஒவ்வொன்றிலும் 100 மில்லி கொதிக்கும் தண்ணீர், 2 கிராம் இலை, மூடி, ஆறு நிமிடம். உலகம் முழுக்க ருசி பார்ப்பவர்கள் வைத்திருக்கும் அளவு இது. குடிக்க அல்ல, குறை தெரிவதற்கு. ஸ்பூனால் அளக்காதீர்கள், முறுக்கிய இலையும் உப்பலான இலையும் எடையில் ஒன்றல்ல. சத்தம் வர உறிஞ்சுங்கள், அப்போதுதான் வாசனை மூக்குக்கு ஏறும். பிளாக் டீ என்றால் வடித்த இலையையும் பாருங்கள்: செம்பு நிறத்தில் பளபளப்பு இருந்தால் நல்லது, மங்கிக் கறுத்திருந்தால் பழசு அல்லது தீய்ந்தது.

ஆன்லைனில் 'டார்ஜிலிங்' அரைக் கிலோ மிக மலிவாகக் கிடைத்தது. சின்னச் சின்ன உருண்டையாக இருக்கிறது. பில் இல்லை, பொட்டலத்தைத் தூக்கிப் போட்டாயிற்று. பணம் திரும்ப வருமா?
*வாசகர், மயிலாடுதுறை*

உருண்டை என்றால் சிடிசி, அதாவது இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய தேயிலை; டார்ஜிலிங் அல்ல. புவிசார் குறியீட்டு விதிப்படி டார்ஜிலிங் ஆர்த்தடாக்ஸ் முறையில் முறுக்கிய இலையாகத்தான் வரும். தேயிலை வாரியத்தின் முத்திரையும் இருக்கும். பில்லும் இல்லை, உறையும் இல்லை என்றால் யாரிடம் எதைக் காட்டிக் கேட்பது? செயலியில் ஆர்டர் விவரம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் இஞ்சி தட்டிப் போட்டு, பால் ஊற்றிக் குடித்துத் தீருங்கள்.