பேட்டரி புதுசு, செல்ஃப் மட்டும் ஏன் முனகுகிறது?

கேள்வி: என் கார் இருபது வயது தாண்டிய பெட்ரோல் வண்டி. பேட்டரி மாற்றி கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஆனாலும் காலையில் செல்ஃப் மெதுவாகத்தான் சுற்றுகிறது. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள்ளும் லேசாக ஏறுகிறது. இன்ஜினுக்குக் கூடுதலாக எர்த் ஒயர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். வீட்டிலேயே போடலாமா?

பதில்: போடலாம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் ஒயர் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள், முதலில் அளந்து பார்ப்போம்.

பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் கரண்ட் செல்ஃப் மோட்டாரைச் சுற்றிவிட்டு இன்ஜின் பிளாக் வழியாக மைனஸுக்குத் திரும்பியாக வேண்டும். இன்ஜின் நிற்பதோ ரப்பர் மவுண்டிங் மேல், ரப்பரில் கரண்ட் போகாது, அதனால்தான் இன்ஜினிலிருந்து பேட்டரிக்கோ பாடிக்கோ ஒரு தடித்த ஒயரையோ செம்புப் பின்னல் பட்டையையோ போட்டிருப்பார்கள், அதுதான் எர்த். வருஷக்கணக்கில் எண்ணெயும் தண்ணீரும் பட்டு அதன் முனைகளில் துரு பிடிக்கும். செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். மீட்டரை ஓம் அளவில் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, மீட்டரின் சொந்த ஒயர்களின் தடையே அதைவிட அதிகம். பத்து இழை அறுந்து ஒரே இழையில் தொங்கும் ஒயரைக்கூட ஓம் மீட்டர் நல்ல ஒயர் என்றுதான் காட்டும். அதனால் கரண்ட் ஓடும்போது வோல்ட்டை அளப்பதுதான் வழி.

முதலில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி செய்யுங்கள்: கார்புரேட்டர் வண்டி என்றால் இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள், இன்ஜெக்ஷன் வண்டி என்றால் ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்தின் மேலேயே வைக்க வேண்டும், அதைக் கவ்வும் கிளாம்பின் மேல் இல்லை, இது முக்கியம். இன்னொரு முனை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில். இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லி நாலைந்து நொடி சுற்றவிடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது, புது ஒயர் போட்டு ஒரு பயனும் இல்லை. 0.5-ஐத் தாண்டினால் கோளாறு அங்கேதான். நடுவில் இருந்தால் ஒருமுறை சுத்தம் செய்துவிடுவது நல்லது.

எந்த இடம் என்பதை இதே முறையில் துண்டு துண்டாகப் பிடிக்கலாம். கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவில், ஒயரின் இரண்டு முனைகளுக்கு நடுவில், கடைசியில் லக்குக்கும் (ஒயர் முனையில் போல்ட் போடும் உலோகத் துண்டு) பிளாக்குக்கும் நடுவில். எங்கே எண் எகிறுகிறதோ அங்கே கை வையுங்கள். என் அனுபவத்தில் ஒயரைவிட அதன் முனைதான் பெரும்பாலும் குற்றவாளி.

எர்த் சரியாக இருந்தும் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பிளஸ் கம்பத்துக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவில் இதேபோல அளந்து பாருங்கள். அதுவும் சரி என்றால் செல்ஃபைக் கழற்றி உள்ளே தேயும் புஷ், கார்பன் பிரஷ் பார்க்கும் வேலைதான்.

சுத்தம் செய்யும்போது மைனஸ் கிளாம்பை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும், பேட்டரி பக்கத்தில் ஹைட்ரஜன் வாயுவும் இருக்கும், விளையாட்டு வேண்டாம். மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். லக்கின் அடிப்பக்கத்தையும் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள், பெயின்ட் துளிகூட இருக்கக் கூடாது. பல் உள்ள ஸ்டார் வாஷர் வைத்து இறுக்கிவிட்டு, அப்புறம் மேலே வாசலின் தடவுங்கள். பிளாக் அலுமினியம் என்றால் பலம் காட்டாதீர்கள், மரை போய்விடும்.

ஒயர் விறைத்து, உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தால் அதை மாற்றிவிடுங்கள், பழசைச் சுத்தம் செய்யாமல் பக்கத்தில் இன்னொன்று போடுவது கோளாறை மூடிவைக்கிற வேலை. புது ஒயர் பழசைவிட மெலிதாக இருக்கக் கூடாது. செல்ஃபுக்குப் பக்கத்தில் கியர்பாக்ஸ் அல்லது பிளாக்கின் போல்ட்டில் மாட்டுங்கள், கேஸ்கட் மேல் உட்காரும் வால்வு கவரிலோ ஆயில் சம்பிலோ வேண்டாம். இன்ஜின் ஆடும் என்பதால் கொஞ்சம் தளர்வு விடுங்கள், எக்ஸாஸ்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அந்த டெம்பரேச்சர் முள் விஷயம் பெரும்பாலும் வேறு. பெட்ரோல் முள்ளும் கூடவே ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் டேஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டரின் எர்த்தைத் தேடுங்கள், இன்ஜின் ஒயரை மாற்றி அது சரியாகாது.

கேள்வி: ஐந்தாறு ஒயர் கொண்ட எர்த்திங் கிட் போட்டால் மைலேஜும் பவரும் கூடுமா?

பதில்: எர்த் கெட்டிருந்த வண்டியில் வித்தியாசம் தெரியலாம், ஆனால் அதே வித்தியாசம் உப்புத்தாளிலும் கிடைக்கும். ஏற்கெனவே 0.1 வோல்ட்தான் இழக்கிறது என்றால் கிட் எதை மீட்கும்?

கேள்வி: இன்ஜின் இறக்கி வேலை பார்த்த பிறகு செல்ஃப் அடித்தால் கிளட்ச் கேபிள் சூடாகிறது, ஒருமுறை புகையும் வந்தது. ஏன்?

பதில்: உடனே செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். இன்ஜின் எர்த் பட்டையை மாட்ட மறந்திருக்கலாம், அல்லது சரியாக இறுக்காமல் விட்டிருக்கலாம். போக வழி இல்லாத கரண்ட் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் என்று கிடைத்த இரும்பில் எல்லாம் பாயும். பட்டையை மாட்டிவிட்டு அந்த கேபிளையும் மாற்றுங்கள், உள்ளே உருகியிருக்கும்.

கேள்வி: 1950-களின் பிரிட்டிஷ் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். இதே முறைதானா?

பதில்: சோதனை இதேதான், ஆனால் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பிளஸ்தான் பாடிக்குப் போகும். பேட்டரியின் எந்தக் கம்பத்து ஒயர் பாடியில் முடிகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், பாடிக்குப் போகும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.