ஹார்ன் பெட்டிக்குள் பஞ்சு எங்கே, எவ்வளவு?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன். எட்டு அங்குல ஃபுல்ரேஞ்ச் (தாழ்ந்ததும் உயர்ந்ததுமான எல்லா ஒலியையும் ஒன்றே தரும்) ஸ்பீக்கருக்காக, 18 மி.மீ. பிளைவுட்டில் ஆசாரியை வைத்து இரண்டு ஹார்ன் பெட்டிகள் செய்திருக்கிறேன். ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி சுமார் இரண்டரை மீட்டர் மடிப்புப் பாதையில் சுற்றி அடியில் உள்ள வாய் வழியாக வெளியே வரும். பிறகு திறந்து பார்க்க வசதியாக ஒரு பக்கப் பலகையை மட்டும் ஒட்டாமல் திருகாணியால் முடுக்கியிருக்கிறோம். ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல வருகிறது. தவிலும் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியும் ஒரே சுருதியில் ‘தும் தும்’ என்கின்றன. ஸ்பீக்கர் வாங்கிய கடைக்காரர், பெட்டிக்கு இரண்டு கிலோ வீதம் பஞ்சை வாய்வரை அடைத்தால் சரியாகும் என்று சொல்லி, நான்கு கிலோ பஞ்சையும் அவரே விற்றார். இன்னும் அடைக்கவில்லை. எந்தப் பஞ்சு நல்லது, எவ்வளவு வைக்க வேண்டும்?

பதில்: அடைக்காதீர்கள். பஞ்சு எந்த ரகம் என்பது இரண்டாவது கேள்வி. எங்கே வைக்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் கடைக்காரர் சொன்ன இடம் தவறு.

உங்கள் பெட்டியில் நடப்பதை எளிமையாகச் சொல்கிறேன். ஸ்பீக்கரின் முதுகுக்குப் பின்னால் ஒரு சிறிய அறை இருக்கிறது. அந்த அறையிலிருந்து ஒரு குறுகிய தொண்டை வழியாகக் காற்று நுழைந்து, போகப் போக அகலமாகும் பாதையில் நடந்து வாய்க்கு வருகிறது. தனியாக விட்டால் கோன் (ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு) அசைத்தும் நீங்கள் உட்கார்ந்து கேட்கும் அறைக்குப் போய்ச் சேராத தாழ்ந்த ஒலியை, இந்தப் படிப்படியான அகலம்தான் வெளியே கொண்டுவந்து சேர்க்கிறது. நாகசுரத்தின் அகன்ற வாயான அணசுக்குள் துணியைத் திணித்துவிட்டு ஒலி ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. ஹார்ன் பாதையில் பஞ்சை அடைப்பதும் அதே காரியம்தான். தொண்டையில் காற்று மிக வேகமாக ஓடுகிறது என்பதால், அங்கே பஞ்சு இருந்தால் அந்த ஓட்டம் உராய்ந்து வெப்பமாக வீணாகிறது. ‘தும்’ குறைவது உண்மைதான். கூடவே, எந்தத் தாழ்ந்த ஒலிக்காக இத்தனை பலகையையும் கூலியையும் செலவழித்தீர்களோ அதுவும் போய்விடும்.

இந்த அடைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். 1965-இல் ஏ. ஆர். பெய்லி என்பவர் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில், நீண்ட மடிப்புப் பாதையில் கம்பளி ரோமத்தை நிரப்பிய ஒரு பெட்டியை விவரித்தார். டிரான்ஸ்மிஷன் லைன் என்று இன்று சொல்லப்படுவது அதன் வழித்தோன்றல். அதன் நோக்கம் ஸ்பீக்கரின் பின்பக்க ஒலியைப் பாதையிலேயே சோர்ந்துபோகச் செய்வது. உங்கள் பெட்டியின் நோக்கமோ அதே ஒலியைப் பயன்படுத்திக்கொள்வது. பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தால் இரண்டும் மடிப்பு மடிப்பாக ஒன்று போலத் தெரியும் என்பதால், ஒன்றுக்குச் சொன்னதை மற்றொன்றுக்குப் பிடித்துக்கொண்டு கடைகள் வாயளந்துகொண்டிருக்கின்றன.

உங்கள் கடிதத்தில் என் கவனம் நின்ற இடம் பஞ்சு அல்ல, திருகாணியால் முடுக்கிய அந்தப் பக்கப் பலகை. மடிப்பு ஹார்னில் உள்தடுப்புகள் எல்லாம் அந்தப் பலகையின் மீது முழு நீளத்துக்கும் அழுந்தி நிற்க வேண்டும். ஒரு நூல் அளவு இடைவெளி இருந்தாலும், ஒலி இரண்டரை மீட்டர் நடக்காமல் ஒரு மடிப்பிலிருந்து பக்கத்து மடிப்புக்குக் குறுக்கே தாவிவிடும். அதோடு, ஒட்டப்படாத தடுப்பு தாங்குகட்டையாக நிற்பதற்குப் பதிலாகத் தானே அதிரும். குடத்துக் குரலுக்கு இதுவே போதும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். பலகையைக் கழற்றி, உள்தடுப்புகளின் விளிம்பு முழுவதிலும் கரும்பலகைச் சாக்பீஸை அழுத்தித் தேயுங்கள். பலகையைப் பழையபடி பொருத்தி எல்லாத் திருகாணியையும் முடுக்கி, மேலே உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டி, மறுபடி கழற்றுங்கள். பலகையின் உட்புறத்தில் தடுப்புகளின் படம் வெள்ளைக் கோடாக விழுந்திருக்கும். கோடு அறுந்துள்ள இடமெல்லாம் இடைவெளி. கடலூர் முதுநகரில் ஒரு நண்பருக்கு இப்படிச் செய்து பார்த்தபோது, தொண்டையை ஒட்டிய முதல் தடுப்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடே விழவில்லை. அவர் அதுவரை மூன்று வகைப் பஞ்சு மாற்றியிருந்தார். வெளிமூட்டுகளுக்கு ஊதுபத்தி போதும்: கைப்பேசியிலிருந்து 40 ஹெர்ட்ஸ் ஒலியை இந்தப் பெட்டி வழியாக மிதமாக ஓடவிட்டு, மூட்டு ஓரமாகப் பத்தியை மெல்ல நகர்த்துங்கள். புகை நேராகப் போகாமல் துடிக்கும் இடத்தில் காற்று கசிகிறது. இடைவெளி உள்ள விளிம்பில் கதவுக்கு ஒட்டும் மெல்லிய ரப்பர் பீடிங்கை வைத்து, உள்தடுப்புகளின் மேலும் திருகாணி விழும்படி நாலு அங்குலத்துக்கு ஒன்றாக முடுக்குங்கள். எல்லாம் கேட்டுத் திருப்தியான பிறகு பசை போட்டு நிரந்தரமாக மூடிவிடுங்கள். திறந்து பார்க்க அதற்குள் என்ன இருக்கிறது? பின்னறைக்குக் கை போக ஸ்பீக்கர் ஓட்டை இருக்கிறதே.

அடுத்து மரத்தின் அதிர்வு. காற்றின் ஒலியை அடக்குவது வேறு, பலகையின் அதிர்வை அடக்குவது வேறு. உள்ளே எத்தனை பஞ்சு வைத்தாலும் பலகை அடங்காது. பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போலப் பெட்டியின் ஒவ்வொரு முகத்தையும் விரல் முட்டியால் தட்டுங்கள். ‘டொக்’ என்று உடனே அடங்கினால் விட்டுவிடுங்கள். ‘டம்ம்’ என்று இழுத்தால் அந்த முகத்தின் உட்புறம் குறுக்காக ஒரு ரீப்பர் கட்டையைப் பசையோடு பொருத்தச் சொல்லுங்கள். ஹார்ன் பாதைக்குள் கட்டை வரக் கூடாத இடமாக இருந்தால் வெளிப்புறமாக இன்னொரு பலகையை ஒட்டலாம். இரண்டு பலகைகளுக்கு நடுவே மணல் நிரப்பும் முறையை இங்கிலாந்தில் ஜி. ஏ. பிரிக்ஸ் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பிரபலமாக்கினார். அது இன்றும் செல்லும். ஆனால் வீட்டுக்கு அருகில் கிடைக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள உப்பு மழைக்காலம் முழுவதும் ஈரத்தை இழுத்துத் திருகாணியையும் பிளைவுட்டையும் தின்றுவிடும். கழுவி வெயிலில் காயவைத்த ஆற்று மணலாக இருக்க வேண்டும்.

இந்த வட்டாரத்திலேயே புழங்கும் ஒரு வலையைச் சொல்லாமல் போக முடியாது. ‘வீணையே பலாமரத்தில்தான் செய்கிறார்கள், ஸ்பீக்கர் பெட்டியையும் பலாப்பலகையில் செய்தால் நாதம் இனிக்கும்’ என்று ஒரு பேச்சை மரக்கடைத் தரகர்கள் பரப்பி வைத்திருக்கிறார்கள். வீணைக்குடம் கம்பியோடு சேர்ந்து பாட வேண்டும்; அதற்காகத்தான் பலா. ஒலிபெருக்கிப் பெட்டி வாயே திறக்கக் கூடாது. அது தன் பங்குக்குப் பாட ஆரம்பித்தால் எல்லா வாத்தியமும் அந்தப் பெட்டியின் குரலில்தான் கேட்கும். இனி பெட்டி செய்வதாக இருந்தாலும் நல்ல பிளைவுட்டே போதும். அந்த ‘நல்ல’ என்ற சொல்தான் நம் ஊரில் பெரும்பாடு. சாதாரணப் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303, மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710 என்று தர எண்கள் இருக்கின்றன. எண்ணை அச்சடிக்கும் ரப்பர் முத்திரையும் தாராளமாக இருக்கிறது. வெட்டிய விளிம்பில் அடுக்குகளுக்கு நடுவே பொந்து தெரிகிறதா என்று வாங்குகிறவரே கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்க்க வேண்டியவர்கள் பார்த்ததாக என் அனுபவத்தில் இல்லை. பொந்துள்ள பலகை ஹார்னுக்குள் ஒரு சீழ்க்கை போலச் சத்தமிடுவதை நானே பணம் கொடுத்துக் கேட்டிருக்கிறேன்.

இப்போது பஞ்சுக்கு வருகிறேன். அதற்கு உரிய இடம் ஸ்பீக்கரின் பின்னறை. அங்கே பின்சுவரில் மோதும் நடுத்தர ஒலி, காகிதக் கோன் வழியாகவே திரும்பி உங்கள் காதுக்கு வருகிறது. குரலின் தெளிவைக் கெடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. ஸ்பீக்கருக்கு நேர் எதிர்ச் சுவரிலும், எதிரெதிராக உள்ள பக்கங்களில் ஒரு பக்கத்திலும், ஒரு அங்குலக் கனத்துக்கு ஒட்டுங்கள். தொண்டையின் வாயிலை மறைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு லிட்டர் அறைக்கு நூறு கிராமே அதிகபட்சம். இரண்டு பெட்டிக்கும் சேர்த்துக் கால் கிலோகூட ஆகாத இடத்தில் நான்கு கிலோ விற்றிருக்கிறார்கள்.

ரகத்தைப் பொறுத்தவரை, தலையணைக்குப் போடும் ரெக்ரான் போன்ற பாலியஸ்டர் பஞ்சே கடலோரத்துக்குச் சரி. ஈரம் குடிக்காது, பூச்சி அரிக்காது. இலவம்பஞ்சு மழைக்காலத்தில் கட்டிதட்டி அடியில் இறங்கிவிடும். கிளாஸ்வுல் ஒலியை நன்றாக உறிஞ்சும் என்றாலும், அதன் இழை பறந்து, கோனை அசைக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) ஓடும் இடுக்குக்குள் போனால் ஸ்பீக்கர் உரசும், தொட்டவர் கையும் அரிக்கும். ‘அகௌஸ்டிக் ஃபோம்’ என்று விற்கப்படுவதில் பாதி, பொருள்களைக் கட்டி அனுப்பும் சாதாரண ஃபோம்தான். நம் ஊர் ஈரக்காற்றில் அது சில ஆண்டுகளிலேயே பிசுபிசுத்து மாவாக உதிரும். முட்டை அட்டையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பாதைக்குள் எதுவுமே வைக்கக் கூடாதா என்றால், ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை அளவோடு சொல்கிறேன், ஏனென்றால் இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் வாய்வரை போகிறார்கள். கசிவை அடைத்து, பலகையை அடக்கி, பின்னறைக்கும் பஞ்சு வைத்த பிறகும், பெட்டியின் அடிவாயில் காதை வைத்தால் பேச்சின் சொற்கள் புரியும்படி நடுத்தர ஒலி கசிந்துவந்தால், தொண்டையைத் தாண்டிய முதல் திருப்பத்தில், வெளிவளைவுச் சுவரில் மட்டும், உள்ளங்கை அளவுள்ள ஒரு கம்பளி ஃபெல்ட் துண்டை, அரை அங்குலக் கனத்துக்கு மேற்படாமல் வைக்கலாம். ஏன் அங்கே என்றால், 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை சுமார் 35 செ.மீ. நீளம், அதற்கு மேலே போகப் போக இன்னும் குட்டை; குட்டை அலைகள் திருப்பத்தில் சுவரில் மோதித்தான் திரும்புகின்றன, அந்த மோதலில் ஃபெல்ட் கொஞ்சத்தைத் தின்னும். 50 ஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம். அது இந்தத் துண்டைக் கண்டுகொள்ளாது. ஒரு சுவர் என்றால் ஒரு சுவர்தான், எதிர்ச்சுவரில் இன்னொன்று கூடாது. முதல் திருப்பம் என்றால் முதல் திருப்பம்தான், இரண்டாவதில் கூடாது. முதலில் பசை போடாமல் குண்டூசியால் குத்திவைத்து ஒரு வாரம் கேளுங்கள். துண்டை எடுத்த பிறகு தவிலின் தொப்பி இன்னும் நிறைவாகக் கேட்டால் அந்தத் துண்டு வேண்டாம் என்று பொருள்.

இத்தனைக்குப் பிறகும் ‘தும்’ ஒரே சுருதியில் நின்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பெட்டி நிற்கும் இடம். வீட்டில் செய்யும் ஹார்னின் வாய் தாழ்ந்த ஒலிக்குத் தேவையானதைவிட எப்போதும் சிறியதுதான். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1940-களில் அறையின் மூலைச் சுவர்களையே ஹார்னின் தொடர்ச்சியாக்கிக்கொண்டது இதற்காகத்தான். நடுச்சுவரில் நிற்கும் பெட்டியை மூலைக்கு நகர்த்தி, சுவரிலிருந்து அரை அடி, ஓர் அடி என்று மாற்றிக் கேளுங்கள்.

மற்றொன்று ஸ்பீக்கர். ஹார்னுக்கு எடை குறைந்த கோனும் வலுவான காந்தமும் வேண்டும். விவரத்தாளில் க்யூ.டி.எஸ். (கோனின் அசைவு எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைக் காட்டுவது) என்ற எண் 0.4-க்குக் கீழே இருந்தால் ஏற்கலாம், 0.5-க்கு மேலே போனால் அந்த ஸ்பீக்கர் ஹார்னுக்கு ஆகாது. விவரத்தாள் இல்லை என்று கடைக்காரர் சொன்னால், அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள பி.எம்.பி.ஓ. வாட்ஸைக் காட்டுவார், அது எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாத எண், விரும்பியதைப் போட்டுக்கொள்ளலாம். திருவிழாதோறும் கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை என்று தவறாமல் அறிவிப்பு வருகிறது. இந்தப் பொய் எண்ணை அச்சடிக்காதே என்று சொல்ல ஆளில்லை. புதுச்சேரி ஞாயிறு சந்தையிலும் பழைய பொருள் கடைகளிலும் வாங்கினால், காந்தத்தின் மேல் உள்ள ரப்பர் உறையைக் கழற்றிப் பாருங்கள். தட்டு அளவு உறைக்குள் மூடி அளவு காந்தம் இருந்ததை நான் காசு கொடுத்துக் கற்றிருக்கிறேன். அதை விற்றவர் இன்றும் கடை வைத்திருக்கிறார்.

வேலையை ஒரு பெட்டியில் மட்டும் முதலில் செய்யுங்கள். மற்றதைத் தொடாமல் வைத்து, ஒரே குரல் பதிவை ஒரே ஒலி அளவில் மாற்றி மாற்றிக் கேட்டால்தான் எந்த மாற்றம் எதைச் செய்தது என்று தெரியும். வாய்க்கு மறக்காமல் கெட்டியான இரும்பு வலையை இழுத்து அடியுங்கள். தளர்ந்த வலை அதுவே கிலுகிலுக்கும். 2011 டிசம்பரில் வந்த ‘தானே’ புயலுக்குப் பிறகு ஒரு மாதம் மூடியே கிடந்த என் பழைய ஹார்ன் பெட்டிக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அதற்கு மெத்தையாகக் கிடைத்தது நான் அந்தக் காலத்தில் பாதைக்குள் அடைத்துவைத்திருந்த இலவம்பஞ்சு. உங்களிடம் உள்ள நான்கு கிலோவில் கால் கிலோவை எடுத்துக்கொண்டு, மீதியைப் பை பிரிக்காமல் இருந்தால் பில்லோடு கடையில் திருப்பிக் கொடுங்கள்.