மாத்திரைக்கு முன்னால் அந்தக் கிளாஸ் பழச்சாறு

கேள்வி: எனக்கு வயது 41, எடை 74 கிலோ. வெறும் வயிற்றில் சர்க்கரை 108, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 5.9, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு) 210. ஸ்கேனில் கல்லீரலில் லேசாகக் கொழுப்பு படிந்திருப்பதாக வந்தது. இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காத நிலை என்கிறார்கள். சர்க்கரையை அடியோடு விட்டுவிட்டேன். காலையில் ஒரு பெரிய கிளாஸ் பழச்சாற்றில் தேன் கலந்து குடிக்கிறேன். மெக்னீசியம், குரோமியம், வைட்டமின் டி மாத்திரைகள் வாங்கி வைத்திருக்கிறேன். இன்சுலின் எதிர்ப்பை எது சரிசெய்யும்?

பதில்: மூன்றுமே அதைச் சரிசெய்யாது. மாத்திரைகளுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தப் பழச்சாற்றைப் பற்றிப் பேசவேண்டும்.

300 மில்லி பழச்சாற்றில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு மேசைக்கரண்டி தேனில் இன்னொரு 17 கிராம். கரண்டியில் போடுவதை நிறுத்திவிட்டீர்கள், ஆனால் அது கிளாஸில் வந்துகொண்டிருக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. தேன் இயற்கையானது, பழம் உடம்புக்கு நல்லது என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று தோன்றாது.

இந்தச் சர்க்கரையில் பாதி அளவுக்கு ஃப்ரக்டோஸ் என்ற பழச் சர்க்கரை, மீதி பெரும்பாலும் குளுக்கோஸ். குளுக்கோஸை உடம்பு முழுவதும் பங்குபோட்டுக்கொள்ளும். ஃப்ரக்டோஸ் அதிகமாக வந்தால் அதன் பெரும்பகுதியைக் கல்லீரல்தான் கையாளவேண்டும். தேவைக்கு மேல் வருவதில் ஒரு பகுதியை அது கொழுப்பாக மாற்றுகிறது. கொழுப்பு அங்கே சேரச் சேர, 'குளுக்கோஸ் தயாரிப்பதை நிறுத்து' என்று இன்சுலின் சொல்வது கல்லீரலுக்குச் சரியாகக் கேட்பதில்லை. நீங்கள் தூங்கும்போதும் அது குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. காலையில் 108 வருவது இதனால்தான். கணையம் இன்னும் அதிகமாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. சிக்கல் என்னவென்றால், 'கொழுப்பு தயாரி' என்ற இன்சுலினின் இன்னொரு கட்டளை மட்டும் கல்லீரலில் நன்றாகவே வேலை செய்கிறது. உங்கள் ட்ரைகிளிசரைடு 210-க்குப் போனதும் அந்த வழியில்தான். மூன்று ரிப்போர்ட்டிலும் இருப்பது ஒரே கோளாறு.

அதனால் சாற்றை விட்டுவிட்டுப் பழத்தை முழுதாகக் கடித்துச் சாப்பிடுங்கள். நார்ச்சத்தோடு மெதுவாக உள்ளே போகும், ஒரு பழத்திலேயே வயிறும் நிறைந்துவிடும். சாப்பாட்டில் காய்கறியையும் புரதத்தையும் (பருப்பு, முட்டை, மீன், எது ஒத்துக்கொள்கிறதோ அது) முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் கடைசிக்கு வைத்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். தீட்டிய தானியத்தின் அளவைக் குறைத்து, முடிந்தவரை முழுதானியத்துக்கு மாறுங்கள். எண்ணெயைப் பார்த்துப் பயப்படவேண்டாம். வெண்ணெய் போன்ற நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து, அந்த இடத்தில் கொட்டைகள், விதைகள், தாவர எண்ணெய்களை வையுங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு கால் மணி நேரம் நடங்கள். இயங்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

சரி, மாத்திரைகள். இன்சுலின் வேலை செய்ய மெக்னீசியம் தேவை, உண்மைதான். ஆனால் கீரை, பருப்பு, கொட்டைகளை ஒழுங்காகச் சாப்பிடுபவருக்குத் தனி மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அது ஆபத்தும்கூட. வைட்டமின் டி-யை 2,423 பேரிடம் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் 4,000 யூனிட் எடுத்தும், நீரிழிவு வருவது குறிப்பிடும்படி குறையவில்லை. ரத்தத்தில் குறைவாக இருந்தால் எலும்புக்காக எடுங்கள். குரோமியத்தை நான் எழுதித் தருவதில்லை, அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

ஆதாரம் கனமாக இருப்பது எடைக்குத்தான். அமெரிக்காவில் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களிடம் நடந்து, 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம். உங்களுக்கு 7 சதவீதம் என்பது ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆறு மாதத்தில் முடியும்.

எச்பிஏ1சி பரிசோதனையை மூன்று மாதம் கழித்து எடுங்கள். ரத்தச் சிவப்பணுக்கள் புதிதாக மாற அவ்வளவு நாள் ஆகும், அதற்கு முன் எடுத்தால் உங்கள் முயற்சி முழுதாகத் தெரியாது. கூடவே ட்ரைகிளிசரைடையும் பாருங்கள். பழச்சாற்றை நிறுத்தியதன் பலன் பெரும்பாலும் முதலில் தெரிவது அதில்தான்.