மண் கரையில் கசிவு: அடைக்கச் சொல்பவரை முதலில் அனுப்பிவிடுங்கள்

கேள்வி: தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்கு 12 ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. தாத்தா காலத்தில் ஓடைப்பள்ளத்தை மறித்துப் போட்ட மண் கரையில்தான் நீர் தேக்கிப் பாய்ச்சுகிறோம். நடுவில் உயரம் 20 அடி, மேலிருந்து நீர் வடியும் சரிவு 50 ஏக்கர் இருக்கும். மறுகாலுக்கு, அதாவது நிரம்பி மிஞ்சும் நீர் வெளியேற, இரண்டடிச் சிமெண்ட் குழாய் இரண்டு பதித்திருக்கிறோம். ஐப்பசி மழைக்குப் பிறகு கரையின் பின்பக்கம் அடியில் ஓரிடத்தில் நீர் ஊறுகிறது. பொக்லைன் வைத்திருக்கும் காண்ட்ராக்டர் ஒருவர், பின்பக்கம் களிமண் வைத்து அடைத்து, உள்பக்கம் தார்ப்பாய் விரித்து, கரையையும் 3 அடி உயர்த்தித் தருகிறேன் என்கிறார். கரைக்குக் கீழே நான்கு வீடுகள் உள்ளன. கரைமேல் சில்வர் ஓக் மரங்களும் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: காண்ட்ராக்டருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொடுக்காதீர்கள். அவர் சொன்ன மூன்று வேலைகளில் முதலாவது கரையை உடைக்கும், இரண்டாவது பணத்தைக் கரைக்கும், மூன்றாவதைப் பற்றி மறுகாலைச் சரிசெய்யும்வரை பேசவே கூடாது.

கசியாத மண் கரை கிடையாது. நீர் வெளியே வருவது பிரச்சினையில்லை, அது மண்ணையும் சேர்த்துக் கொண்டு வருகிறதா என்பதுதான் கேள்வி. ஊறும் இடத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலில் நீரைப் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தெளிவாகவே இருந்தால் தூக்கம் கெட வேண்டாம். அடியில் மண் படிந்தால் கரைக்குள்ளே ஒரு பொந்து உருவாகி, நீர் இருக்கும் பக்கத்தை நோக்கி வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவின் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று இப்படித்தான் போனது. காலையில் கலங்கிய கசிவைப் பார்த்தார்கள், மதியத்துக்குள் அணை உடைந்துவிட்டது. நீங்கள் கலங்கிய நீரைப் பார்த்தால் அந்த நான்கு வீட்டுக்காரர்களிடம் உடனே சொல்லி வெளியேறச் செய்யுங்கள். பிறகு மோட்டார் வைத்து நீரை இறக்குங்கள். எனக்குப் போன் பண்ணுவதெல்லாம் அப்புறம்.

தெளிந்த நீர்தான் என்றால் பாட்டில் சோதனையை வாரம் ஒருமுறை செய்யுங்கள். கூடவே ஒரு பக்கெட் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, அன்றைய நீர்மட்டத்தோடு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே நீர்மட்டத்தில் பக்கெட் முன்பைவிடச் சீக்கிரம் நிறைந்தால் கவலைப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பின்பக்கம் களிமண் வைத்து அடைப்பது, கொதிக்கும் குக்கரின் விசிலை அடைப்பது மாதிரி. வெளியேற வழியில்லாத நீர் கரைக்குள்ளேயே மேலேறி, பின்சரிவு முழுவதையும் ஊறவைத்துச் சரித்துவிடும். செய்ய வேண்டியது நேர் எதிரானது. நீரை விடுங்கள், மண்ணை மட்டும் பிடித்து வையுங்கள். ஊறும் இடத்தைச் சுற்றிப் புல்லைச் செதுக்கிவிட்டு, முதலில் ஓரடிக்குக் கழுவிய மணல், அதன்மேல் சிப்ஸ் ஜல்லி, அதன்மேல் முக்கால் இஞ்ச் ஜல்லி, கடைசியில் பாரத்துக்குக் கருங்கல் என்று அடுக்குங்கள். வரிசை மாறக் கூடாது. எம்-சாண்ட் போடுவதானால் தூசி போகக் கழுவியே போட வேண்டும். வெளிவரும் நீரைச் சின்ன வாய்க்காலில் தள்ளிவிட்டால், கரையின் அடி சேறாகாமல் இருக்கும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. உங்கள் மலைக்கு அது முக்கியம் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஊறும் இடம் கரையின் நடுவில் இல்லாமல், கரை மலைச்சரிவோடு சேரும் மூலையில் இருந்தால், அது குட்டை நீராகவே இல்லாமல் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் மலை ஊறி, பாறை இடுக்குகளில் ஊற்றுக் கண் திறப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கண்டுபிடிக்க அந்த நோட்டே போதும். மாசி, பங்குனியில் காபி பூப்பதற்குத் தண்ணீர் பாய்ச்சும்போது குட்டை இறங்கும் அல்லவா? குட்டை ஐந்தடி இறங்கியும் ஊற்று குறையவில்லை என்றால் அது மலை நீர். குட்டையோடு சேர்ந்து குறைந்தால் அது கரை நீர். மழை நின்று பத்து நாளில், குட்டை நிறைந்திருக்கும்போதே ஊற்று வற்றினாலும் மலை நீர்தான். ஒரு எச்சரிக்கை: கரையையும் மலையையும் இணைக்கும் அந்த மூலைதான் பழைய கரைகளில் பலவீனமான இடமும்கூட. தாத்தா காலத்தில் பாறையைச் சுத்தம் செய்து மண்ணை இணைத்தார்களா என்று யாருக்குத் தெரியும்? ஆகவே மலை நீர் என்று தெரிந்தாலும் மணலும் ஜல்லியும் போடுங்கள், பாட்டிலையும் விடாதீர்கள்.

தார்ப்பாயைப் பற்றி ஒரு வரி போதும். எலியும் நண்டும் அதை இரண்டு பருவத்தில் சல்லடையாக்கிவிடும்.

கரையை உயர்த்தும் யோசனை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பொக்லைனுக்கு மணிக்கணக்கில் வாடகை. குட்டைக்குள் வண்டல் இலவசமாகக் கிடக்கிறது. அதை அள்ளிக் கரைமேல் கொட்டினால் அவருக்கு வண்டி வாடகை மிச்சம், உங்களுக்குக் கரை உயர்ந்த சந்தோஷம். ஆனால் வண்டல் வயலுக்கு நல்லது, கரைக்கு ஆகாது. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் வழியும். முறைப்படி உயர்த்துவது என்றால் புல்லையும் மேல்மண்ணையும் செதுக்கி, பழைய சரிவில் படி வெட்டி, அரையடி அரையடியாக ஈர மண் போட்டு ரோலர் ஓட்ட வேண்டும். பொக்லைன் பக்கெட்டால் தட்டுவதைக் கெட்டிப்படுத்துவது என்று எவராவது சொன்னால் ஆளை மாற்றுங்கள். வண்டல் அள்ளுவதற்காகக் குட்டையை ஒரே நாளில் வடிக்கவும் கூடாது. ஊறிய உள்சரிவு தாங்க ஆளில்லாமல் சரிந்து விழும். கரை நன்றாக இருக்கும்போது ஒரு நாளைக்கு ஓரடி இறக்கினால் போதும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது கசிவு அல்ல, அந்த இரண்டு குழாய்கள். 50 ஏக்கர் சரிவில் ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டினால், மண் குடித்தது போக விநாடிக்கு ஏறக்குறைய 4 கனமீட்டர் நீர் வரும். உங்கள் குழாய்கள் இரண்டும் சேர்ந்து அதில் கால்வாசியைத்தான் கடத்தும், அதுவும் சருகும் மிலாறும் அடைக்காமல் இருந்தால். மீதி கரைமேல் ஏறி வழியும். மண் கரை வழிந்தால் தாங்காது. குஜராத்தின் மச்சு அணையில் 1979 ஆகஸ்ட் 11 அன்று வெள்ளம் மண் கரைமேல் ஏறித்தான் மோர்பி நகரம் அழிந்தது. பெரிய அணைக்கு மட்டும்தான் அந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். கென்யாவின் சோலாயில் 2018 மே மாதம் மழையில் உடைந்தது ஒரு தனியார் பண்ணையின் பாசன அணைதான். கீழே குடியிருந்தவர்களில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஆகவே காண்ட்ராக்டருக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தை இங்கே போடுங்கள். குழாயை எடுத்துவிட்டு, கரையின் ஓரத்தில், வெட்டாத கெட்டித் தரையில், 22 அடி அகலத்துக்குத் திறந்த கல் மறுகால் கட்டுங்கள். அதில் நீர் ஒன்றே முக்கால் அடி ஆழத்துக்கு ஓடும்போதும் கரையின் உச்சி அதற்குமேல் இன்னும் இரண்டடியாவது நிற்க வேண்டும். இன்னும் கொஞ்சம் நீர் நிற்கட்டும் என்று மறுகாலில் மணல் மூட்டை அடுக்கும் பழக்கம் உங்கள் பக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

அரசு வந்து பார்க்காதா என்று கேட்பீர்கள். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கும்தான். உங்களுடையது 6 மீட்டர். நீர்வளத் துறைக்குப் போனால் பட்டா நிலம் என்பார்கள், வேளாண் பொறியியல் துறைக்குப் போனால் இது பண்ணைக்குட்டைத் திட்டத்தில் வராது என்பார்கள். கரை உடைந்த மறுநாள் மட்டும் எல்லாரும் ஜீப்பில் வருவார்கள், ஓடைப் புறம்போக்கை மறித்திருக்கிறாய் என்று சொல்ல. அதனால் நில எல்லையைக் காட்டும் புலப்பட நகலையும், நிலம் யாருடையது என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் இப்போதே எடுத்து, கரை யாருடைய மண்ணில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் உடைந்து ரயில் பாலங்கள் போன வழக்கின் 1874 தீர்ப்பில் ஜமீன்தார் தப்பினார். ஏரி பொதுநன்மைக்கானது, அதைக் காப்பது அவர் கடமை, அலட்சியமும் நிரூபணமாகவில்லை என்பதால் தப்பினார். உங்கள் குட்டை உங்கள் காபிக்கு மட்டும். ஆகவே பொதுநன்மை என்று சொல்லித் தப்ப முடியாது. நீங்கள் அலட்சியமாக இருக்கவில்லை என்று காட்ட அந்தக் கசிவு நோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

சில்வர் ஓக்: புதிதாக நடாதீர்கள், முளைத்து வரும் கன்றுகளை இப்போதே பிடுங்கிவிடுங்கள். பெரிய மரங்களை வெட்டி வேரை விட்டுவைப்பதுதான் ஆபத்து, வேர் மக்கினால் அதுவே நீருக்குக் குழாய். கோடையில் குட்டை இறங்கியிருக்கும்போது வேரோடு தோண்டியெடுத்து, குழியை நல்ல செம்மண்ணால் அரையடி அரையடியாக இடித்து நிரப்பி, மேலே அருகம்புல் வையுங்கள்.