இரண்டு சர்வர் இருந்தால் போதுமா? கிளஸ்டர் கேள்வி-பதில்

டேட்டாபேஸ் நிற்காமல் ஓட வேண்டும் என்று கிளஸ்டர் (ஒன்றாக இயங்கும் பல சர்வர்கள்) போட்டவர்களும் போடப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. முதல் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். மற்ற பதில்கள் பலவும் அதன் மேல்தான் நிற்கின்றன.

கேள்வி: ஒரு சர்வரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பிரைமரி (எழுதுவதை ஏற்பது), இன்னொன்றில் ஸ்டாண்ட்பை (அதன் நகல்). பிரைமரி விழுந்தால் ஸ்டாண்ட்பை தானாகவே பொறுப்பேற்க ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறோம். மூன்றாவது இயந்திரம் கட்டாயம் வேண்டும் என்கிறார் ஆலோசகர். அப்படியா?

ஆமாம், கட்டாயம் வேண்டும். உங்கள் ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது? பிரைமரியைக் கூப்பிட்டுப் பார்க்கிறது. பதில் வராவிட்டால் அது செத்துவிட்டது என்று முடிவு செய்கிறது. ஆனால் சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, நடுவில் உள்ள ஸ்விட்ச் மட்டும் போயிருந்தாலும் பதில் வராது. ஸ்டாண்ட்பையிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

ஸ்விட்ச் போன நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்டாண்ட்பை தன்னைப் பிரைமரி ஆக்கிக்கொள்கிறது. பழைய பிரைமரியும் பதவியில்தான் இருக்கிறது. கிடங்கில் உள்ளவர்கள் பழையதில் பில் போடுகிறார்கள், தலைமை அலுவலகம் புதியதில் போடுகிறது. இரண்டிலும் 50121 என்ற பில் எண் பிறக்கிறது, வேறு வேறு வாடிக்கையாளருக்கு, வேறு வேறு தொகைக்கு. இணைப்பு திரும்பி வந்ததும் இரண்டு வரலாறுகள் கையில் இருக்கும். அதைச் சேர்த்துத் தர எந்த மென்பொருளாலும் முடியாது. கணக்குப் பிரிவு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட வேண்டியதுதான். இதைத்தான் ஸ்பிளிட் பிரெயின் என்கிறோம். டேட்டாபேஸ் ஒரு மணி நேரம் நின்றுபோவதைவிட இது மோசம்.

யார் பிரைமரி என்று ஓட்டுப் போட மூன்றாவது இயந்திரம் இருந்தால் பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் எழுத முடியும். அந்த மூன்றாவது இயந்திரத்துக்குப் பெரிய செலவும் ஆகாது. போஸ்ட்கிரெஸின் பொறுப்பு மாற்றத்தைக் (ஃபெயில்ஓவர்) கவனிக்கும் பாட்ரோனி மென்பொருள் வைத்தால், ஓட்டை நடத்தும் எட்சிடி மூன்று இடத்தில் ஓடினால் போதும், மூன்றாவதில் டேட்டாபேஸே தேவையில்லை. ‘நான்தான் பிரைமரி’ என்று எட்சிடியில் வைக்கும் தலைமைச் சாவியைப் புதுப்பிக்க முடியாத பிரைமரி தானே பதவி இறங்கிவிடும். சாவியின் ஆயுள் இயல்பாக 30 வினாடி. விண்டோஸ் கிளஸ்டரில் இதே வேலையை விட்னஸ் என்ற கூடுதல் ஓட்டு செய்கிறது. 2016 பதிப்பிலிருந்து அதைக் கிளவுடிலும் வைக்கலாம். எங்கே வைத்தாலும் சரி, மற்ற இரண்டும் இருக்கும் ரேக்கில் மட்டும் வைக்காதீர்கள். நான்காவதும் சேர்ப்போமா என்று யோசிக்க வேண்டாம். நான்கில் பெரும்பான்மை மூன்று. அதிலும் ஒன்று விழுவதைத்தான் தாங்கும்.

இன்னொன்று. பழைய பிரைமரி உறைந்துபோய்ப் பத்து நிமிடம் கழித்துக் கண் விழித்தால்? அதற்குத்தான் ஃபென்சிங். பேஸ்மேக்கர் என்ற கிளஸ்டர் மென்பொருளில் இருக்கும் ஸ்டோனித் வசதி, சந்தேகப்படும் சர்வரின் மின்சாரத்தையே வெட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தூக்கிவிடும். ‘சோதனை செய்யும்போது தொல்லை’ என்று அதை அணைத்து வைப்பவர்கள் நிறைய. தயவுசெய்து அணைக்காதீர்கள்.

கேள்வி: மூன்று நோடிலும் (கிளஸ்டரில் உள்ள சர்வர்) ஒரே டேட்டா இருக்கிறது. பேக்கப் எதற்கு?

யாராவது எந்த வரிகள் என்று சொல்லும் WHERE நிபந்தனை இல்லாமல் டெலிட் கட்டளை கொடுத்தால், அதையும் மூன்று நோடும் உண்மையாக நகலெடுக்கும். அதற்காக.

நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. ரெப்ளிகேஷனைச் (ஸ்டாண்ட்பைக்கு நகலெடுப்பதைச்) சரிசெய்யப் போன பொறியாளர், ஸ்டாண்ட்பை என்று நினைத்துப் பிரைமரியின் டேட்டா கோப்புறையை அழித்துவிட்டார். போனது ஏறக்குறைய 300 ஜிபி. பேக்கப்பைத் தேடினால் தினசரி டம்ப் (டேட்டாபேஸின் நகல் கோப்பு) எடுக்கப்படவே இல்லை: டேட்டாபேஸ் 9.6, டம்ப் எடுக்கும் கருவி 9.2, பதிப்பு பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த டிஸ்க் ஸ்னாப்ஷாட் ஒன்று இருந்ததால் மீண்டார்கள். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, மாதம் ஒருமுறையாவது அதை வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்து டேபிள்களை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: பிரைமரி சென்னையில், ஸ்டாண்ட்பை மும்பையில். சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன் வைக்கலாமா?

ஸ்டாண்ட்பையும் ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லும்வரை கமிட் (பதிவை உறுதி செய்வது) காத்திருப்பதுதான் சிங்க்ரனஸ். எனவே உங்கள் அப்ளிகேஷன் எப்படி கமிட் செய்கிறது என்பதைப் பொறுத்தது. ஃபைபரில் ஒளி ஒரு மில்லி வினாடியில் சுமார் 200 கி.மீ. போகும். சென்னை–மும்பை நேர்கோட்டிலேயே ஆயிரம் கி.மீ.க்கு மேல். போய் வர 10 மில்லி வினாடிக்குக் குறையவே முடியாது. கேபிள் சுற்றிப் போவதால் நடைமுறையில் இன்னும் கூடும். ஒரு ஆர்டருக்கு ஒரு கமிட் என்றால் யாரும் உணரமாட்டார்கள். இரவில் ஓடும் ஜாப் 10,000 வரிகளை ஒவ்வொன்றாக கமிட் செய்தால் 100 வினாடி கூடுதல்.

என் பரிந்துரை: ஒரே ஊரில் வேறு கட்டடத்தில் சிங்க்ரனஸ், தூர ஊருக்கு அசிங்க்ரனஸ் (காத்திருக்காத முறை). சிங்க்ரனஸ் ஸ்டாண்ட்பை ஒன்றே ஒன்று வைக்க வேண்டாம். அது நின்றால் பிரைமரியின் கமிட்டும் காத்து நிற்கும். இரண்டு வைத்து, ‘எதாவது ஒன்று சொன்னால் போதும்’ என்று அமையுங்கள். போஸ்ட்கிரெஸ் 10 முதல் இது இருக்கிறது.

அசிங்க்ரனஸ் தூரத்துக்குத் தானியங்கி ஃபெயில்ஓவர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2018 அக்டோபர் 21 அன்று இன்னொரு நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப்பில் அமெரிக்கக் கிழக்குக் கரை இணைப்பு துண்டானது வெறும் 43 வினாடிதான். அதற்குள் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் பிரைமரிகள் மேற்குக் கரைக்குத் தானாக மாறிவிட்டன. கிழக்கில் எழுதிய கடைசிச் சில வினாடிகள் மேற்கே வந்து சேரவில்லை. மேற்கிலோ புதிதாக எழுத ஆரம்பித்தாயிற்று. மிகவும் பரபரப்பான கிளஸ்டர் ஒன்றில் அந்த இடைவெளியில் இருந்தவை 954 பதிவுகள். சேவை முழுதாகச் சீராக 24 மணி நேரம் 11 நிமிடம் ஆனது. ஊர் விட்டு ஊர் மாறும் முடிவை ஒரு மனிதர் எடுக்கட்டும்.

கேள்வி: மூன்று நோடையும் ஒரே விஎம்வேர் ஹோஸ்ட்டில் (விர்ச்சுவல் சர்வர்கள் ஓடும் உண்மையான இயந்திரம்) வைத்திருக்கிறோம். பரவாயில்லையா?

அந்த ஹோஸ்ட் விழுந்தால் மூன்றும் விழும். ஒரே ஹோஸ்ட்டில் சேரவிடாத ஆன்டி-அஃபினிட்டி விதி போட்டு இன்றே பிரித்துவிடுங்கள்.

கேள்வி: ஃபெயில்ஓவர் 40 வினாடியில் முடிந்தது. ஜாவா அப்ளிகேஷன் மட்டும் ஏறக்குறைய 15 நிமிடம் தொங்கியது. டேட்டாபேஸ் பக்கம் லாகில் (நிகழ்வுப் பதிவில்) பிழை எதுவும் இல்லை.

அந்த 15 நிமிடம்தான் துப்பு. பழைய சர்வர் ஒழுங்காக விடைபெறாமல் மறைந்துவிட்டால், லினக்ஸ் அனுப்பிய பாக்கெட்டுக்குப் பதில் வராதபோது திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். இயல்பான அமைப்பில் 15 முறை. எல்லாம் சேர்ந்து சுமார் 15 நிமிடம். அதுவரை உங்கள் த்ரெட்கள் செத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவ் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம், அதன் இயல்பு அளவு 7,200 வினாடி.

ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவரில் சாக்கெட் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம்) போடுங்கள், உங்கள் மிக நீளமான குவெரியைவிடச் சற்று அதிகமாக. இணைப்பு முகவரியில் எல்லா நோடையும் எழுதி, பிரைமரியை மட்டும் தேடும்படி சொல்லுங்கள். அப்புறம், அறுந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்த கமிட் பதிவானதா இல்லையா என்று அப்ளிகேஷனுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் ஒரே பணம் இரண்டு முறை கழியலாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அதை யூனிக் ஆக்கி வையுங்கள்.

கேள்வி: ஆரக்கிள் ராக் (RAC) கிளஸ்டர் இருந்தால் டேட்டா கார்டு (Data Guard, தனி ஸ்டாண்ட்பை நகல் வைக்கும் வசதி) வேண்டாமா?

வேண்டும். ராக்கில் எல்லா நோடும் ஒரே ஸ்டோரேஜைப் பகிர்கின்றன. நோட் விழுந்தால் காப்பாற்றும், ஸ்டோரேஜ் போனால் காப்பாற்றாது.

கேள்வி: ஃபெயில்ஓவர் ஒத்திகைக்கு மேலிடம் அனுமதி தர மறுக்கிறது. ஆனால் 99.99 சதவீத நேரம் ஓடும் என்று வாடிக்கையாளரிடம் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

99.99 என்றால் ஆண்டுக்கு 52 நிமிடம்தான் நிற்கலாம். இரவில் ஒருவரை எழுப்பி, விபிஎன்னில் நுழைந்து, எந்தக் கட்டளை என்று தேடுவதிலேயே பாதி போய்விடும் என்று எழுத்தில் காட்டுங்கள்.

ஒத்திகை என்ற பெயரில் அனுமதி கேட்கவும் வேண்டாம். பேட்ச் போட எப்படியும் நேரம் ஒதுக்குவார்கள். முதலில் ஸ்டாண்ட்பைக்குப் பேட்ச் போடுங்கள், பொறுப்பை அதற்கு மாற்றுங்கள், பிறகு பழைய பிரைமரிக்குப் போடுங்கள். அடுத்த மாதம்வரை திரும்ப மாற்ற வேண்டாம். பழைய ஐபியை நேரடியாக எழுதி வைத்த ரிப்போர்ட், பழைய சர்வரிலேயே கிடக்கும் கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) எல்லாம் அந்த வாரத்திலேயே தலைகாட்டும். கேட்பார் இல்லாமல் கிடக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டையும் (ஸ்டாண்ட்பை எதுவரை வாங்கியது என்ற குறிப்பு) தேடிப் பாருங்கள். அது மாற்றங்களைப் பதியும் WAL கோப்புகளை அழியவிடாமல் பிடித்து வைத்து டிஸ்கை நிரப்பிவிடும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்கு உச்சவரம்பு வைக்கலாம்; வைத்துவிட்டு மாற்றத்தைத் தொடங்குங்கள்.