குதிரைச் சந்தையில் படம் எடுக்க 'மீடியா பாஸ்' எதற்கு?

களுவாஞ்சிகுடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: ராஜஸ்தானில் புஷ்கர் குதிரை, ஒட்டகச் சந்தையைப் படம் எடுக்க மனைவியோடு போகிறேன். கலியாண வீடுகளில் படம் எடுத்துப் பழக்கம். 18-55 லென்ஸ் ஒன்றுதான் கையில் உண்டு. மீடியா பாஸ் இல்லாமல் கமராவை உள்ளே விடமாட்டார்கள் என்று ஒரு முகவர் 40,000 ரூபா கேட்கிறார். கட்டலாமா?

கட்ட வேண்டாம், தம்பி. முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

சந்தை நடக்கிற மணல்வெளிக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் திருவிழாவுக்கு டிக்கெட் வாங்கியா போகிறோம்? அதுபோலத்தான். பல நாள் நடக்கிற சந்தை அது. வியாபாரி, யாத்திரீகர், வெளிநாட்டுக்காரர் எல்லோரும் கலந்து திரிவார்கள், பாதிப் பேர் கையில் கமரா இருக்கும். இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் போவது சுற்றுலா விசாவில். இந்தியாவில் பத்திரிகையாளருக்கென்று தனி விசா இருக்கிறது. சுற்றுலா விசாவை வைத்துக்கொண்டு ஊடக அட்டையை நீட்டினால் நீங்களாகவே வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள். முகவர் இதைச் சொல்லமாட்டார்.

இந்த அட்டை வியாபாரம் எங்கள் பக்கமும் குறைவில்லை. இங்கே ஒரு திருவிழாவில் என்னைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தினார்கள். கழுத்தில் நாடா தொங்கிய பையன் ஒருவன் உள்ளே நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு யார் அட்டை கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்று கேட்க ஆளில்லை. கேட்காதவரை இந்த முகவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

அந்தக் காசைவிடத் திகதியில் கவனமாக இருங்கள். சந்தை கார்த்திகைப் பௌர்ணமியோடு முடியும். அதற்காக 'கார்த்திகைப் பௌர்ணமி' என்று எங்கள் கலண்டரைப் பார்த்து விமான டிக்கெட் போட்டுவிடாதீர்கள். வடநாட்டுக் கார்த்திக மாதம் எங்கள் ஐப்பசியிலேயே முடிந்துவிடலாம். 2025இல் அவர்களுடைய பௌர்ணமி நவம்பர் 5. எங்கள் கார்த்திகைத் தீபம் வந்ததோ டிசம்பரில். நம்பிப் போனவர் வெறும் மணலைத்தான் படம் எடுத்திருப்பார். அப்புறம், பௌர்ணமியன்று போனாலும் விலங்குகள் அதிகம் இராது. வாங்கல் விற்றல் முன்னதாகவே நடந்து, வியாபாரிகள் புறப்பட்டுவிடுவார்கள். கடைசி நாட்களில் இருப்பது தீர்த்தமாட வந்த கூட்டம். சந்தையின் நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிற ஆரம்ப நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அங்கே நில்லுங்கள்.

லென்ஸ் போதும். குதிரைக்கு இரண்டு முழத்தில் நிற்கப் போகிறீர்கள், தூர லென்ஸ் எதற்கு? 18இல், அதாவது அகலக் காட்சியில், வைத்தால் குதிரை, சொந்தக்காரர், அடுப்புப் புகை மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வரும். ராஜஸ்தானின் மார்வாரி இனக் குதிரையின் காதைக் கட்டாயம் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு காதும் உள்பக்கம் வளைந்து, நுனியோடு நுனி தொடுகிற மாதிரி நிற்கும். 55இல் கிட்ட இழுத்து வைத்து, கண்ணில் ஃபோகஸ் பிடித்து, காதை வெட்டாமல் எடுங்கள். ஓடுகிற குதிரைக்கு ஷட்டர் வேகம் 1/1000 விநாடி. வேகம் தெரிய வேண்டுமென்றால் 1/60இல் வைத்துக் குதிரையோடு சேர்ந்து கமராவையும் திருப்புங்கள். பத்தில் ஒன்று சரிவந்தாலே பெரிய விஷயம். பின்னங்காலுக்குப் பின்னால் நிற்காதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள், மிரண்டால் உதைக்கும். மணலில் லென்ஸைக் கழற்றவே கூடாது. காலை வெளிச்சத்துக்கும் மாலை வெளிச்சத்துக்கும் மட்டும் எடுத்தால் போதும். உச்சி வெயிலில் தூங்குங்கள்.

படத்துக்குக் காசு கேட்பார்கள். சோடித்த ஒட்டகத்தோடு தாமாகவே முன்னால் வந்து நிற்பவருக்குக் கொடுக்க வேண்டாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை விளக்கமாகவே சொல்கிறேன். இராவணஹத்தா வாசிப்பவர்களைக் காண்பீர்கள். சிரட்டையில் ஆட்டுத்தோல் போர்த்திய வாத்தியம் அது. வில்லில் சின்னச் சலங்கைகள் கட்டியிருப்பார்கள், இழுக்க இழுக்க அவையும் தாளம் போடும். இராவணன் செய்தது என்பது அவர்கள் நம்பிக்கை. இவர்கள் போஸ் கொடுத்துக் காசு பறிக்க வந்தவர்கள் அல்லர், வாசிப்பே அவர்களுடைய சீவியம். ஒரு பாட்டு முடியும்வரை கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்து கேளுங்கள். பிறகு காசை மரியாதையாகக் கையில் கொடுங்கள், அதற்குப் பிறகு படம் எடுங்கள். இலங்கையிலிருந்து வந்தோம் என்றும் சொல்லிப் பாருங்கள். படம் எடுத்துவிட்டுச் சில்லறையை வீசிப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புஷ்கர் ஏரியின் தீர்த்தப் படித்துறைகளில் குளிப்பவர்களைப் படம் எடுக்கத் தடை. கமராவைப் பையில் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். அங்கே யாராவது உங்கள் கையில் பூவைத் திணிக்க வந்தால் வாங்காதீர்கள். வாங்கினால் மந்திரம் சொல்லவைப்பார், உங்கள் குடும்பத்தின் பேரைக் கேட்பார், மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டுவார், பிறகு காணிக்கை என்று ஒரு பெரிய தொகை சொல்வார். "வேண்டாம்" என்று சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடங்கள்.

ட்ரோன் கொண்டுபோகவே வேண்டாம், சுங்கத்திலேயே மாட்டும். முகவர் கேட்ட 40,000இல் உபரி பற்றறி ஒன்றும் மெமரி கார்ட் இரண்டும் வாங்குங்கள். ஒவ்வொரு இரவும் படங்களை வேறொன்றில் பிரதி எடுத்து, அதை மனைவியின் பையில் வையுங்கள், உங்கள் பையில் வைக்காதீர்கள்.